அவள் ஓடாத கடைசி ஓட்டம்

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. பாதி சிசிலித் தீவில் இருக்கிற பலேர்மோவில் நடந்தது, பாதி இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் நடந்தது. நான் பலேர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. போர்கோ வெக்கியோ என்கிற பகுதியில் குடியிருக்கிறேன். ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய வீட்டு அம்மாவை, பராமரிக்கிற வேலை. எனக்கு வாய் நீளம் என்று இங்கே இருக்கிற எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. அந்த வாயை இறுக்கி மூடி வைத்திருக்க வேண்டி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனுக்கு ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. தாய் வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறவள். ஒரேயொரு பெண்பிள்ளை, பலேர்மோவிலேயே பிறந்தவள். தாயும் தகப்பனும் என்னை அக்கா என்பார்கள், பிள்ளைக்கு நான் அன்ரி. என் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற உரிமை அந்த மூன்று பேருக்கும் இருந்தது.

பிள்ளை சின்னவளாக இருக்கும்போது, தாய் வேலை செய்த வீட்டில் ஒரு சோடி சக்கரச் சப்பாத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அளவில்லாமல் போனது. அதைப் போட்டுக்கொண்டு இவள் மேலே வீட்டுக்குள் ஓட, கீழே எனக்கு இடி இடிக்கிற மாதிரி இருக்கும். நான் தும்புத்தடியை எடுத்து மேலே இடிப்பேன். என் கரைச்சல் தாங்காமல் தகப்பன் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் கால்சா பகுதிக்கு முன்னால் இருக்கிற கடற்கரைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். அவள் நடைபாதையில் பறப்பாள், அவர் தொந்தியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். பார்க்கிற சிசிலிக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்படியொரு மனிசன்.

விளையாட்டாகத் தொடங்கியது வளர்ந்துகொண்டே போனது. ஒரு கழகத்தில் சேர்ந்தாள். சிசிலி முழுக்க அவளுடைய வயதில் அவளை முந்த ஆளில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. பரதநாட்டியம் பழகினால் விளங்கும், டொக்டருக்குப் படித்தால் விளங்கும். சில்லுப் பூட்டிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குனிந்து ஓடுவது என்ன கணக்கு? கோயிலில் காண்கிறபோது, "உவள் இன்னும் சில்லிலைதான் ஓடுறாளோ?" என்று கேட்பார்கள். தகப்பன் முகம் கோணாமல், "ஓம், பெற்றோல் செலவில்லைத்தானே" என்பார்.

அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போது வடக்கிலிருந்து ஒரு பயிற்சியாளர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒரு காலத்தில் ஐஸில் வேக ஓட்டம் ஓடியவராம். பெரிய கதை கதைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் மேலே கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா சொன்னது எனக்குப் புதினமாக இருந்தது. உதைபந்து என்றால் இந்த நாடே எழும்பி நிற்கும். பனிச்சறுக்கு என்றாலும் வடக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். ஐஸில் வேகமாக ஓடுகிற இந்த விளையாட்டை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலைநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பனிச்சறுக்குக்கே போய்விடுகிறார்கள். அதனால்தான் இவர்கள் பனியே விழாத தெற்கு ஊர்களுக்கு வந்து, சில்லில் ஓடுகிற பிள்ளைகளைத் தேடுகிறார்கள். குனிகிற விதம், காலைப் பக்கமாகத் தள்ளுகிற விதம், வளைவில் காலை மாற்றி வைக்கிற விதம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதானாம். சில்லைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பூட்ட வேண்டியதுதான் மிச்சம் என்றார். பலேர்மோவில் ஐஸ் இருப்பது கிரானித்தா சர்பத்துக் குவளைக்குள் மட்டும்தானே என்று தகப்பன் பகிடி விட்டார்.

தாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கோப்பித் தட்டோடு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா தொடர்ந்து சொன்னார். எடுபடுகிற பிள்ளைகள் அங்கேயே விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் போகலாம், பயிற்சியும் அங்கேயே. நன்றாக வந்தால் பொலிஸ்படையோ இராணுவமோ தங்கள் விளையாட்டுப் பிரிவில் சேர்த்துக்கொண்டு மாதச் சம்பளம் கொடுக்கும். இப்படிப்பட்ட விளையாட்டுகள் இந்த நாட்டில் உயிரோடு இருப்பதே அதனால்தானாம். தாய் தட்டை மேசையில் வைத்தாள்.

"கவுண்மேந்து உத்தியோகமோ அக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்குக் கோப்பியோடு பயத்தம் பணியாரமும் வந்தது.

ஏற்பாடு இதுதான். மார்கழியில் வடக்கே ஒரு கிழமைப் பயிற்சி. நாடு முழுவதிலுமிருந்து சில்லில் ஓடுகிற பிள்ளைகள் வருவார்கள். கடைசி நாள் காலையில் ஓட்டம். அதில் முன்னுக்கு வருகிற இரண்டு பெண்பிள்ளைகளை எடுப்பார்கள். அடுத்த வருடம் என்றால் இவளுக்கு வயது கூடிவிடும். ஆகவே இதுதான் முதலும் கடைசியும். குடியுரிமையும் அதற்கு முந்தைய வருடம்தான் தகப்பனுக்குக் கிடைத்து, அவரோடு சேர்த்து இவளுக்கும் வந்திருந்தது. எல்லாம் கூடி வந்த நேரம் என்று சந்தோசப்பட்டோம்.

ஆனால் தாய் ஒற்றைக் காலில் நின்றாள். "குமர்ப்பிள்ளையைத் தனிய அனுப்ப ஏலாது." விடுதியில் பெண்கள்தான் பொறுப்பு என்று அந்த அம்மா தொலைபேசியில் எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. தகப்பன் கூடப் போவதாக இருந்தது. அவருக்கு வயிற்றில் ஏதோ கரைச்சல், ஆள் நன்றாக மெலிந்துபோயிருந்தார். வயிற்றுப் புண், ஆஸ்பத்திரியில் படுத்து வடிவாகச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கடைசியில் என் தலையில் விழுந்தது. நான் சிஞ்ஞோராவின் மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்தேன்.

வெளிக்கிடுகிற அன்று தகப்பன் கீழே வாசல்வரை வந்தார். மகளின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கார் வரும்வரைக்கும் அதைக் கீழே வைக்கவேயில்லை. அவளுடைய தலையைத் தடவி, "விழுந்தா எழும்பு, அவ்வளவுதான்" என்றார். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் விழுந்தால் எழுப்ப கிரேன்தான் வரவேணும்" என்றார். நான் நல்ல கிழி கிழித்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

அந்த ஊரைப் போய்ப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் சிஞ்ஞோராவின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறதுதான். இங்கே வீதி, கூரை, மரம் எல்லாம் வெள்ளை. நான் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், அதற்கு மேல் போர்வை சுற்றிக்கொண்டு ஐஸ் தளத்தின் ஓரத்தில் குந்தியிருப்பேன். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள். அந்தக் கிழமையில் அவர்கள் எல்லாருக்கும் நான் அன்ரிதான்.

சிசிலியில் முந்த ஆளில்லாதவள் முதல் நாள் கன்றுக்குட்டி மாதிரி நின்றாள். கத்தி நீளம், மெல்லியது. கொஞ்சம் சரிந்து வைத்தாலும் கால் போய்விடும். விழுந்தாள், எழும்பினாள், திரும்பவும் விழுந்தாள். இடுப்பெல்லாம் கண்டல். ஒவ்வொரு நாள் பின்னேரமும் தகப்பனுக்கு வீடியோவில் எடுப்பாள். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, முகம் மட்டும் தெரிகிற மாதிரிக் கதைப்பார். எத்தனை தரம் விழுந்தாய் என்று கேட்டுச் சிரிப்பார். அவளும் கணக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

நாலைந்து நாளில் அவளுக்கு ஐஸ் பிடிபட்டுவிட்டது. கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து, வளைவுக்குள் அப்படியே சரிந்து போவாள். எனக்கு நெஞ்சு பக்கென்றும் இருக்கும், கண்ணை எடுக்கவும் மனம் வராது. அந்தப் பயிற்சியாளர் அம்மா என் பக்கத்தில் வந்து, இவள் வளைவில் பயப்படுகிறாளில்லை, மற்றதெல்லாம் பழக்கலாம், இதைப் பழக்க முடியாது என்றார். ஓட்டத்தில் இவளும் இன்னொரு பிள்ளையும்தான் முன்னுக்கு வருவார்கள் என்று அவருக்கு நிச்சயம். எனக்கு அந்தக் குளிரிலும் உடம்பு சூடேறியது.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் தாயிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பிள்ளைக்கு எடுக்காமல் எனக்கு எடுத்தபோதே ஏதோ சரியில்லை என்று விளங்கிவிட்டது.

"அக்கா, அவருக்குப் புண்ணில்லை. புற்றுநோய். எங்கள் ரெண்டு பேருக்கும் முதலே தெரியும். ஆனா இவ்வளவு கெதியா வருமெண்டு நினைக்கேல்லை. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம்."

நான் வாயைத் திறக்க முன்னமே அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "பிள்ளைக்கு இப்ப சொல்லாதேங்கோ. ஓடி முடியட்டும். அவரும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறார். அவளின்டை வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதேங்கோ அக்கா."

இது எங்கள் ஆட்களின் வழக்கம். சோதினை எழுதப்போகிற பிள்ளைக்குச் செத்தவீடு சொல்லமாட்டோம். தூரத்தில் தனிய இருக்கிறவனுக்கு வருத்தம் சொல்லமாட்டோம். எல்லாம் முடிந்தபிறகுதான் சொல்வோம். அன்பில் செய்கிறதுதான், குற்றம் சொல்ல வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் நடித்த நடிப்பு கொஞ்சமில்லை. பகிடி விட்டேன், மற்றப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்தேன். இவள் திடீரென்று தொலைபேசியைக் காட்டி, "ஏன் அன்ரி என்னைச் சொந்தக்காரரின்டை வாட்ஸ்அப் குறூப்பிலையிருந்து எடுத்திருக்கினம்?" என்று கேட்டாள். லண்டனில் இருக்கிற சித்தப்பாதான் எடுத்திருந்தார். அங்கே விசயம் கதைத்திருப்பார்கள், இவள் கண்ணில் பட்டுவிடும் என்று. உனக்கு நாளைக்கு ஓட்டம், குழப்பக்கூடாதென்று எடுத்திருப்பார்கள் என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

"நல்லதுதான். விடிஞ்சா பொழுதுபட்டா குட்மோர்னிங் படம்தான் அனுப்பினம்," என்று சிரித்தாள். அப்பாவுக்கு எடுக்கப்போனவளை, மருந்துக்கு அயர்ந்து தூங்குகிறாராம் என்று நான்தான் தடுத்தேன்.

அன்று நான் கண் மூடவில்லை. என் அம்மா ஊரில் சாகும்போது நான் இங்கே வந்து கொஞ்சக் காலம். கையில் ஒரு பெர்மெஸ்ஸோகூட, இங்கே தங்குகிற அனுமதிகூட, இல்லை. என் சகோதரங்கள் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள், எரித்து முடிந்தபிறகு. தெரிந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால் இன்றைக்கும் வயிறு எரியும். சமைத்தேன், சாப்பிட்டேன், சந்தையில் மீனுக்குப் பேரம் பேசினேன். ஒருத்தருக்காவது அதை என்னிடம் சொல்ல மனம் வரவில்லையே என்று எத்தனை வருடம் அவர்களோடு கோபமாக இருந்தேன். இப்போது அதே வேலையை நானே இன்னொரு பிள்ளைக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.

விடிந்ததும் தாய்க்கு எடுத்தேன். இன்னும் இருக்கிறார் என்றாள். விமானத்தைத் தேடிப் பார்த்தேன். பலேர்மோவுக்கு மத்தியானம் ஒன்று இருந்தது, அதை விட்டால் மறுநாள்தான். விமான நிலையம் அங்கிருந்து கனதூரம். ஓடிவிட்டுப் போவதென்றால் அதைப் பிடிக்க முடியாது. தாயிடம் இதைச் சொல்லவில்லை. நேரே உடை மாற்றுகிற அறைக்குப் போனேன்.

பிள்ளை வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கட்டி முடிந்திருந்தது. நான் அவள் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"பிள்ளை, அப்பாவுக்குக் கடுமை."

ஊரில் இந்தச் சொல் வந்தால் மிச்சம் சொல்லத் தேவையில்லை. அவள் ஊரில் பிறந்தவளில்லையே. "கடுமை எண்டா என்ன அன்ரி?" என்று கேட்டாள். நான் இத்தாலியனில் சொன்னேன். தமிழில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

அவள் அழவில்லை. "நான் போனா உயிரோடை இருப்பாரோ?" என்று கேட்டாள். தெரியாது பிள்ளை என்றேன். அதற்கு மேல் ஒரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சியாளர் அம்மா வந்தார். அவரிடம் இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் இப்போதே, தனியாக, முதலில் ஓடிவிட்டுப் போகலாமா? அவர் தலையை ஆட்டினார். நேரம் எடுக்கிறவர்கள் இன்னும் வரவில்லை, எல்லாரும் ஒன்றாக ஓடினால்தான் கணக்கு. ஓடாமல் போனால் உன்னை எடுக்க என்னால் முடியாது, நான் மேலே கேட்டுப் பார்ப்பேன், ஆனால் நம்பிக்கை வைக்காதே என்று உள்ளதை உள்ளபடியே சொன்னார். வெளியே மற்றப் பிள்ளைகள் ஐஸில் இறங்கிச் சூடேற்றுகிற சத்தம் கேட்டது. இவள் குனிந்து, கட்டின சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள்.

அந்த அம்மாவை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். அன்றைக்கு அவருக்கு அந்த இடத்தை விட்டு அசைய முடியாத நாள். ஆனால் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, தானே எங்களை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு நாங்கள் யார்? ஒரு கிழமை பழகின ஆட்கள். மலைப்பாதையில் அவர் ஓட்டின வேகத்துக்கு எனக்குக் குடல் வாய்க்கு வந்தது, ஆனால் மூச்சுக் காட்டவில்லை.

காரிலிருந்து தாய்க்கு எடுத்து, பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன், ஓட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வெடித்தது. "என்னக்கா செய்திட்டியள்! உங்களை நம்பித்தானே அனுப்பினனான்!" எனக்கும் பொறுக்கவில்லை. "ஏசுறதெண்டா நான் வந்தாப் பிறகு இருந்து ஏசு. இப்ப அந்தாளைப் பிடிச்சு வைச்சிரு" என்று நானும் கத்திவிட்டேன்.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் பிள்ளை என்னோடு கதைத்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?" நேற்றுப் பின்னேரம் என்றேன். "அப்ப நேற்று மேசையிலை..." என்று தொடங்கினவள் முடிக்கவில்லை. பலேர்மோ வரும்வரைக்கும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நன்றாக இருட்டிவிட்டது. நடைபாதை முழுக்க எங்கள் ஆட்கள். தாதி ஒருத்தி இவ்வளவு பேர் நிற்கக்கூடாதென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கண்டதும் எல்லாரும் வழி விட்டார்கள். தாய் என்னைத் திரும்பியும் பார்க்காமல் மகளைக் கட்டிப்பிடித்து உள்ளே கொண்டுபோனாள். நானும் பின்னால் போய்க் கட்டிலின் கால்பக்கம் நின்றேன்.

ஆளை அடையாளமே தெரியவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது. மகளைக் கண்டதும் அந்தக் கண் அகன்றது. சத்தம் வரவில்லை, உதடு அசைந்ததைத்தான் நாங்கள் பார்த்தோம்.

"ஓடினியோ?"

பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

"ஓம் அப்பா. ஓடினனான். வெண்டிட்டன். என்னை எடுத்திட்டினம்."

"விழேல்லையோ?"

"ஒருக்காலும் விழேல்லை."

பிறகு அவள் அந்த ஓட்டத்தை அவருக்குச் சொன்னாள். எப்படித் தொடங்கினாள், முதல் வளைவில் மற்றப் பிள்ளை எவ்வளவு முன்னுக்குப் போனாள், இரண்டாவது வளைவில் இவள் எப்படி உள்ளுக்குள் சரிந்து பிடித்தாள், கடைசி நேர்க்கோட்டில் கால் எப்படி எரிந்தது, பயிற்சியாளர் அம்மா எப்படிக் கைதட்டினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓடாத ஓட்டம். காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்த பிள்ளை, மடை திறந்த மாதிரிச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மனைவியின் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"கேட்டியே... கவுண்மேந்து உத்தியோகம்."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. தாய் அழுதுகொண்டே சிரித்தாள். அவளும் நம்பிவிட்டாள் என்று அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நான் வெளியே ஓடிப்போய் நடைபாதைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். மகளின் கை அவருடைய கைக்குள் இருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த எல்லாரிடமும் தாய் இதைத்தான் சொன்னாள். பிள்ளை வென்றுவிட்டாள் என்ற சந்தோசத்தோடுதான் அவர் கண்ணை மூடினார் என்று. லண்டனுக்கும் பாரிசுக்கும் தொலைபேசியில் அழுது அழுது அதையே சொன்னாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். வருகிறவர்கள் அவள் முதுகைத் தடவி, கொப்பர் கொடுத்துவைத்தவர் என்பார்கள். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றுவேன். வேறென்ன செய்வது?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாளில் தாய் பலாரோ சந்தைக்குப் போய் வந்தாள். பையிலிருந்து தடித்த கம்பளிக் காலுறைகள், கையுறை, ஒரு தொப்பி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினாள். நானும் அங்கே இருந்தேன். "எப்ப போகவேணும் அங்கை? அந்த அம்மா இன்னும் எடுக்கேல்லையோ?" என்று மகளைக் கேட்டாள். அப்போதுதான் பிள்ளை சொன்னாள். நான் ஓடவில்லை அம்மா, ஓடாமல்தான் வந்தேன் என்று. தாய் கையில் இருந்த காலுறையை இரண்டு மூன்று தரம் மடித்தாள், விரித்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பின பிறகு அதுதான் முதல் தரம். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். வந்து இருந்தாள்.

"நான் சொன்னபடி நீங்கள் செய்திருந்தா அவள் ஓடியிருப்பாள். ஆனா தேப்பனைக் கண்டிருக்கமாட்டாள். நீங்கள் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியேல்லை அக்கா."

எனக்கும் தெரியாது என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள். பிறகு அவள் எழும்பிப் போனாள்.

பயிற்சியாளர் அம்மா சொன்ன சொல் தவறாமல் மேலே கேட்டிருக்கிறார். முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்றார்களாம். சொந்தச் செலவில் வந்து பழகலாம் என்றார்கள். ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் வாழ்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா? தாய் இன்னும் இரண்டு வீடு கூட்டித் துடைக்கிறேன் என்றுதான் சொன்னாள். பிள்ளை மறுத்துவிட்டாள். இப்போது அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தின் சின்னப் பிள்ளைகளுக்குச் சில்லில் ஓடப் பழக்குகிறாள். விழுகிற பிள்ளைகளை அவள் தூக்கிவிடுவதில்லை, எழும்பும்வரைக்கும் பக்கத்தில் நிற்கிறாள்.

போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் என் வீட்டில் இரண்டு பேரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். ஐஸ் ஓட்டப் போட்டி. இத்தாலிய உடுப்போடு ஒரு பெண் வந்து கோட்டில் நின்றாள். பார்த்த முகமாக இருந்தது. அந்தக் கிழமை எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட பிள்ளை. என் போர்வையை வாங்கித் தானும் சுற்றிக்கொண்டு ஆடிக் காட்டினவள். நான் சட்டென்று அலைவரிசையை மாற்றப் போனேன்.

"பஸ்தா, போதும் அன்ரி, விடுங்கோ, பாப்பம்," என்று இவள் என் கையைப் பிடித்தாள். ஓட்டம் முடியும்வரைக்கும் அந்தப் பிள்ளைக்காகக் கத்தினாள். மேசையில் தட்டினாள். அவள் மூன்றாவதாக வந்தபோது எழும்பி நின்று கைதட்டினாள். எனக்குத்தான் தாங்கவில்லை. நீயும் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவள் பிள்ளை, என்னாலைதானே எல்லாம் போச்சு என்று வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சொன்னாள்: "ஓடியிருந்தா வெண்டிருப்பனோ எண்டு எனக்கே தெரியாது அன்ரி. அப்பா ஒராளுக்குத்தான் தெரியும், நான் வெண்டனான் எண்டு."

அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்த உண்மைக்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவள்தான் என்பதை ஒரு நாளும் மறந்ததுமில்லை.